மாலத்தீவில் ஆங்கில ஆசிரியப் பணி: எங்கே குடியிருப்பது?

(இரண்டாமாண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவி எழுதிய கட்டுரை)

ஊர்விட்டு ஊர் சென்று பிழைப்பது நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய வரலாற்றை இங்குள்ள சிறுவரும் அறிவர். அவர்கள் சென்றது கற்பதற்காக. இன்று நம் கல்லூரிகளில் பட்டம் பெற்று, பி.எட். முடித்தவர்களுள் சிலர் கடல் கடந்து செல்வது கற்பிப்பதற்காக.

அவ்வாறு புறப்படுபவரிடம் சுற்றத்தார் கேட்கும் முதற்கேள்வி, "சம்பளம் எவ்வளவு?" என்பதே. இரண்டாவது கேள்வி விசாவைப் பற்றியது. மூன்றாவது, விமானச் சீட்டை யார் எடுத்துத் தருகிறார்கள் என்பது. "அங்கே எந்த ஊரில், எப்படிப்பட்ட வீட்டில், யாருடன் இருக்கப் போகிறாய்?" என்று கேட்பவர் அரிது. ஆனால் வாங்கும் சம்பளத்தில் எவ்வளவு வீடு வந்து சேரும் என்பதை முடிவு செய்வது இந்தக் கடைசிக் கேள்விதான். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேதியியல் மாணவிக்கு ஆங்கில ஆசிரியர்களைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் தெருவில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற அக்கா ஒருவர் மாலத்தீவில் மூன்றாண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அவருடைய பாட்டி வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டியவர்; தாயார் பட்டாசு ஆலைக்குச் செல்பவர். அக்காவிடம் கேட்டறிந்தவையும், நூலகத்தில் படித்தறிந்தவையுமே இக்கட்டுரைக்கு அடிப்படை. முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகிய நமக்கு இவற்றைச் சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. நாமே ஒருவர்க்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நாடும் பள்ளியும்

இந்திய ஆசிரியர்கள் வெளிநாடு செல்வது நெடுநாளாக நடந்துவரும் ஒன்று. எத்தியோப்பியா, நைஜீரியா, பூட்டான் முதலிய நாடுகளின் பள்ளிகளில் சென்ற நூற்றாண்டிலேயே நம்மவர் பலர் பணியாற்றினர். இன்று நமக்கு மிக அருகிலுள்ள நாடு மாலத்தீவு. திருவனந்தபுரத்திலிருந்து அதன் தலைநகரான மாலே சுமார் 600 கிலோமீட்டர். விருதுநகரிலிருந்து சென்னைக்குச் செல்லும் தொலைவைவிட இது சற்றே கூடுதல், அவ்வளவுதான். நம் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து காய்கறிகளும் கட்டுமானப் பொருள்களும் அங்கே செல்கின்றன. நம் கடைகளில் விற்கும் மாசிக் கருவாட்டின் தாயகமும் அதுவே.

அந்நாட்டு மக்களின் மொழி திவேகி. அது சிங்களத்துக்கு நெருங்கிய உறவுடையது. நம் இலட்சத்தீவுகளில் ஒன்றான மினிக்காயிலும் பேசப்படுவது. ஆனால் பள்ளிப் பாடங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் நடக்கின்றன. 1960களில் தொடங்கிய இந்த ஆங்கில வழிக் கல்விக்கு வேண்டிய ஆசிரியர்கள் உள்நாட்டில் போதவில்லை. எனவே இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆசிரியர்களை அழைத்தனர். 2011இல் அந்நாட்டுக்கென ஒரு தேசியப் பல்கலைக்கழகம் அமைந்தது. உள்நாட்டு ஆசிரியர்கள் பெருகப் பெருக வெளிநாட்டாருக்கான இடங்கள் குறையும் என்பதையும் செல்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

தலைநகரமா, தீவா?

மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் உள்ளன. அவற்றுள் மக்கள் ஊராகக் குடியிருப்பவை 200க்கும் குறைவு. வடகோடியிலிருந்து தென்கோடி வரை 800 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் நாடு அது. ஆகவே "மாலத்தீவில் வேலை" என்று மட்டும் சொல்வது, "தமிழ்நாட்டில் வேலை" என்று சொல்வதைப் போன்றதே. எந்தத் தீவு என்பதே கேள்வி.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை ஐந்து இலட்சத்துக்குச் சற்று மேல். அவர்களுள் ஐந்தில் இரு பங்கினர் தலைநகரப் பகுதியில் வாழ்கின்றனர். மாலே தீவின் பரப்போ சுமார் 2 சதுர கிலோமீட்டர்தான். நெருக்கடியைக் குறைக்க 1997இல் கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்னும் புதிய தீவை உருவாக்கத் தொடங்கினர். 2018இல் பாலம் ஒன்று கட்டி அதை விமான நிலையத் தீவின் வழியாக மாலேயுடன் இணைத்தனர். அப்படியும் இடநெருக்கடி தீரவில்லை. இடம் குறைந்த ஊரில் வாடகை மிகும் என்பதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அக்கா முதல் ஆண்டு மாலேயில் இருந்தார். நான்கு ஆசிரியைகளுக்கு ஓர் அறை. சமையலறைக்கு முறை வைத்திருந்தார்கள். ஊரின் பெயர் பெரிது. கையில் மிஞ்சியது சிறிது. பிந்திய இரண்டாண்டுகளும் வடக்கே ஒரு சிறு தீவில் பணி. அங்கே பள்ளி நிர்வாகமே வீடு கொடுத்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். கீழ்வரும் எண்கள் விளக்கத்திற்காக நாமே வைத்துக்கொண்டவை. உண்மைச் சம்பள விகிதங்கள் அல்ல.

தலைநகரில் ஒருவருக்குச் சம்பளம் 115 பங்கு என்போம். வாடகை 45, உணவும் பிறவும் 35. ஆக 80 போக, மிச்சம் 35 பங்கு. வெளித்தீவில் சம்பளம் 100 பங்குதான். வீடு இலவசம். உணவுக்கு 30, விடுமுறைக்குத் தலைநகர் வந்துபோகும் படகுச் செலவை மாதத்துக்குப் பகிர்ந்தால் 8. ஆக 38 போக, மிச்சம் 62 பங்கு. சம்பளம் குறைந்த இடத்தில்தான் சேமிப்பு கூடுகிறது!

ஆனால் பள்ளி வீடு தராமல், வீட்டுப்படியும் தராமல் இருந்தால் இந்தக் கணக்கு அப்படியே மாறிவிடும். எனவே ஒப்பந்தத்தில் சம்பள எண்ணுக்கு அடுத்து நாம் தேட வேண்டிய சொல் "தங்குமிடம்" என்பதே.

மிஞ்சிய பணத்தை ஊருக்கு அனுப்புவதிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்நாட்டு நாணயம் ரூபியா. அங்கே டாலர் தட்டுப்பாடு ஏற்படும்போது, மாதந்தோறும் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகைக்கு வங்கிகள் வரம்பு வைக்கின்றன. அந்த வரம்பு அவ்வப்போது மாறுவது. நகையை அடகு வைத்துப் பயணம் புறப்படுபவர், வட்டி கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் வந்து சேருமா என்பதை முன்னரே விசாரித்தல் நன்று. சம்பளம் டாலரிலா, ரூபியாவிலா என்பதும் கேட்கத்தக்கதே.

நீரும் மருந்தும் கடலும்

பணக் கணக்கு மட்டும் போதுமா? போதாது. தீவு வாழ்க்கையில் வேறு சில கணக்குகளும் உண்டு.

முதலாவது நீர். குடிநீர் அருமையை நம் மாவட்டத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. மாலேயில் கடல்நீரைச் சுத்திகரித்தே குடிநீர் வழங்குகிறார்கள். 2014 டிசம்பரில் அந்நிலையத்தில் தீப்பிடித்தபோது நகரமே தண்ணீரின்றித் தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பி உதவியது. பல தீவுகளில் மழைநீரைத் தொட்டிகளில் சேமித்துக் குடிக்கிறார்கள். வீட்டைப் பார்க்கும்போது கட்டிலைப் பார்ப்பதற்கு முன் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் அறிவுரை.

இரண்டாவது மருத்துவம். இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 1995இல் திறக்கப்பட்ட இந்திரா காந்தி நினைவு மருத்துவமனை மாலேயில் உள்ளது. குல்ஹுதுஃபுஷி, ஹித்ததூ முதலிய தீவுகளில் வட்டார மருத்துவமனைகள் இருக்கின்றன. சிறிய தீவுகளில் சிறு நிலையங்களே உண்டு. அக்காவுக்குப் பல்வலி வந்தபோது, பல் மருத்துவர் இருக்கும் தீவுக்குச் செல்லும் படகுக்காக நான்கு நாள் காத்திருந்தாராம்.

மூன்றாவது கடல். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், படகுகள் நின்றுவிடும். அத்தகைய ஒரு வாரத்தில்தான் அக்காவின் பாட்டி காலமானார். செய்தி சில நிமிடங்களில் தொலைபேசியில் சென்று சேர்ந்துவிட்டது. அக்கா வந்து சேர்ந்ததோ மூன்றாம் நாள். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தீப்பெட்டி ஒட்டிய காசில் பேத்திக்கு முதல் ஆங்கில அகராதியை வாங்கிக் கொடுத்தவர் அந்தப் பாட்டி. சேமிப்புக் கணக்கில் எழுத முடியாத செலவு இது. வீட்டில் முதியோர் இருப்பவர்கள், விமான நிலையமுள்ள தீவையோ அதற்கு அடுத்த தீவையோ கேட்டுப் பெறுவது நலம்.

வழக்கமும் வழிபாடும்

மாலத்தீவு இசுலாமிய நாடு. வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி உண்டு. பிற சமயத்தார் பொது இடத்தில் வழிபாடு நடத்த இயலாது. வழிபாட்டுச் சிலைகளை அந்நாட்டுக்குள் கொண்டுசெல்லவும் சட்டம் இடந்தராது. பங்குனிப் பொங்கலுக்கு எங்கிருந்தாலும் ஊர் திரும்பும் நம் மக்களுக்கு இது சிறிய செய்தியன்று. ஒருவர் இதை ஏற்கலாம். ஏற்காமல் வேறு நாட்டைத் தேடலாம். ஆனால் தெரியாமல் சென்று இறங்குவது கூடாது. ஒரு நாட்டின் சோற்றை உண்ணும்போது அதன் சட்டத்தை மதிப்பதும் கடமையே.

பெண்கள் தனியே செல்லும்போது, வீட்டு உரிமையாளரின் குடும்பம் அதே வளாகத்தில் வசிக்கிறதா, உடன் வேறு ஆசிரியைகள் தங்குகிறார்களா என்பவற்றைக் கட்டாயம் கேட்க வேண்டும். அக்காவுக்கு வாய்த்த வீட்டில் உரிமையாளரின் தாயார் இருந்தார். மாலையில் சுடச்சுட ரொட்டி கொண்டு வருவார். அக்கா ரசம் வைத்துக் கொடுப்பார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத நிலையில் தொடங்கிய அப்பழக்கத்தில், ஆறு மாதத்தில் அக்கா திவேகி பேசக் கற்றுக்கொண்டார்.

மொழி தரும் பயன்

உள்ளூர் மொழி தெரிந்த ஆசிரியரே ஆங்கிலத்தை எளிதிற் கற்பிக்க முடியும். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது என்பது அதன் தாய்மொழியை அறிந்தால்தான் விளங்கும். தலைநகரில் நம்மவர் கூட்டமாக வாழ்வதால் மொழி கற்கும் தேவை எழுவதில்லை. சிற்றூரில் அத்தேவை தானே வந்துவிடும்.

இதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. சமயப் பணிக்காக 1839இல் தமிழகம் வந்தபோது ஜி.யு. போப்புக்கு வயது 19. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துச் சாயர்புரம் என்னும் பனங்காட்டுச் சிற்றூரில் மக்களிடையே தங்கிக் கல்விப்பணி புரிந்தார். அவரே 1886இல் திருக்குறளையும், 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டார். அயல்நாட்டு இளைஞர் ஒருவரின் தமிழறிவுக்கு அந்தச் சிற்றூர் வாழ்வும் உரமாயிற்று எனலாம்.

கையெழுத்திடுமுன்

இதுவரை கண்டவற்றிலிருந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொகுத்துக் கூறலாம்:

1. பணியிடம் எந்தத் தீவு? பின்னர் மாற்றுவார்களா?
2. வீடு தருவார்களா, வீட்டுப்படி தருவார்களா? ஓர் அறையில் எத்தனை பேர்?
3. குடிநீரும் மின்சாரமும் யார் செலவில்?
4. மருத்துவமனையும் விமான நிலையமும் எவ்வளவு தொலைவு? மழைக்காலத்தில் படகு உண்டா?
5. மாதம் எவ்வளவு பணம் ஊருக்கு அனுப்பலாம்?
6. அவசரத்துக்கு விடுப்பும் பயணச் செலவும் கிடைக்குமா?

விடைகளை வாய்மொழியாகப் பெறாமல் எழுத்தில் பெறுதல் வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர்கள் அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஐயம் எழுந்தால் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலோ, தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலோ கேட்டறியலாம். அந்தத் தீவிலேயே பணியாற்றிய ஓர் ஆசிரியரைத் தேடிப் பிடித்துப் பேசுவது எல்லாவற்றினும் சிறந்தது.

முடிவுரை

தலைநகர் தாழ்ந்தது, தீவு உயர்ந்தது என்பது இக்கட்டுரையின் முடிவன்று. தொடர் மருத்துவம் தேவைப்படுபவருக்கும், மேற்படிப்பை நாடுபவருக்கும் மாலேயே பொருந்தும். கடனை அடைத்துத் தம்பி தங்கையரைப் படிக்கவைக்க வேண்டியவருக்கு, வீடு தரும் ஒரு நடுத்தரத் தீவு பொருந்தும். யாருக்கு எது பொருந்தும் என்பதைச் சம்பளச் சீட்டு சொல்லாது. அவரவர் வீட்டு நிலைமைதான் சொல்லும்.

அக்காவின் தாயாருடைய நகைகள் மீட்கப்பட்டுவிட்டன. தம்பி பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அக்கா இப்போது உள்ளூரிலேயே ஒரு பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறார். வெளிநாட்டு வேலைக்குப் போகலாமா என்று கேட்டு வருபவர்களிடம் அவர் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "எந்தத் தீவு என்று கேட்டாயா?" என்பதுதான் அவர் கேட்கும் முதற்கேள்வி. நண்பர்களே, நாமும் அதையே முதலில் கேட்போம்.