இரத்தத்தில் திரியும் புற்று உயிரணுக்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் புற்றுநோய்ப் பதிவுத் திட்டத்தின் கீழ், பெங்களூரு, சென்னை, மும்பை ஆகிய மூன்று நகரங்களில் 1982-ஆம் ஆண்டு முதல் நோயாளர் கணக்கெடுக்கப்பட்டு வருகின்றனர். பெங்களூரில் இப்பொறுப்பை ஏற்றது, 1973-இல் நிறுவப்பட்ட கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையமாகும். ஒரு நகரில் எத்தனை பேருக்கு நோய் உண்டு என்பதை இக்கணக்கு காட்டும். ஒரே நோயாளியின் இரத்தத்தில் எத்தனை புற்று உயிரணுக்கள் உள்ளன என்று எண்ணும் வேறொரு கணக்கும் இன்று உண்டு. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் அதன் பயன் யாது என்பதை இங்குக் காண்போம்.

குடலில் தோன்றிய கட்டியை ரண சிகிச்சையால் முற்றிலும் அகற்றிய பின்னரும், சிலருக்குச் சில ஆண்டுகளில் ஈரலிலோ நுரையீரலிலோ நோய் மீண்டும் தலைகாட்டுகிறது. கட்டியிலிருந்து பிரிந்த உயிரணுக்கள் முன்னரே இரத்தத்தில் கலந்துவிடுவதே இதற்குக் காரணம். 1869-இல் ஆஸ்திரேலிய மருத்துவரான ஆஷ்வொர்த், புற்றுநோயால் இறந்த ஒருவரின் இரத்தத்தில், கட்டியில் உள்ளவற்றைப் போன்ற உயிரணுக்களைக் கண்டார். 1889-இல் ஸ்டீபன் பேஜட் என்னும் ஆங்கில மருத்துவர், இவை எங்கும் தூவப்படும் விதைகளைப் போன்றவை என்றும், ஏற்ற நிலத்தில் மட்டுமே முளைக்கும் என்றும் விளக்கினார். இரத்தத்தில் புகும் புற்று உயிரணுக்களில் மிகச் சிறு பங்கே உயிர் பிழைத்துப் புதிய கட்டியாகிறது என்பது பிற்காலச் சோதனைகளில் உறுதிப்பட்டது.

இவற்றைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. சோதனைக்காக எடுக்கப்படும் 7.5 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 3,750 கோடி சிவப்பணுக்களும், 3 முதல் 8 கோடி வெள்ளணுக்களும் இருக்கும். அவற்றிடையே புற்று உயிரணுக்கள் இரண்டோ மூன்றோ இருக்கலாம். ஒன்றுகூட அகப்படாமலும் போகலாம்.

குடற்கட்டி உயிரணுக்களின் மேற்புறத்தில் எப்காம் என்னும் புரதம் உண்டு. இரத்த அணுக்களில் அது இல்லை. இப்புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை மிக நுண்ணிய இரும்புத் துகள்களின்மேல் பூசி இரத்தத்தில் கலக்கின்றனர். பின்னர்க் காந்தத்தை அருகில் வைத்தால், துகள்கள் ஒட்டிய உயிரணுக்கள் ஒருபுறம் இழுக்கப்படுகின்றன. அவற்றோடு சில வெள்ளணுக்களும் வந்துவிடுவதால், ஒளிரும் சாயங்களைக் கொண்டு மூன்று அடையாளங்கள் பார்க்கப்படுகின்றன. உட்கரு இருத்தல் வேண்டும், கெரட்டின் வகைப் புரதம் இருத்தல் வேண்டும், வெள்ளணுவுக்குரிய சி.டி. 45 என்னும் புரதம் இருத்தலாகாது. இம்மூன்றும் பொருந்தியதே புற்று உயிரணுவாக எண்ணப்படும்.

நோய் பிற உறுப்புகளுக்குப் பரவிய 430 குடற்புற்று நோயாளரிடம் இம்முறையில் நடத்தப்பட்ட ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. சிகிச்சை தொடங்குமுன் 7.5 மில்லிலிட்டரில் மூன்றுக்குக் குறைவான உயிரணுக்கள் இருந்தவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 18.5 மாதங்கள். மூன்றும் அதற்கு மேலும் இருந்தவர்களுக்கோ 9.4 மாதங்களே.

எனினும் இவ்வெண்ணை நோயாளியின் விதியாகக் கொள்வது தவறு. இதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, குடலின் பெரும்பகுதியிலிருந்து வரும் இரத்தம் முதலில் ஈரலுக்கே செல்கிறது. புற்று உயிரணுக்கள் பலவும் அங்கேயே தங்கிவிடுவதால், கையில் எடுக்கும் இரத்தத்தில் அவை குறைவாகவே தென்படும். இரண்டாவது, பரவும் உயிரணுக்களில் சில எப்காம் புரதத்தை இழந்துவிடுவதால் காந்தத்துக்குத் தப்பிவிடுகின்றன. ஆகவே உயிரணு அகப்படவில்லை என்றால் நோய் இல்லை என்று பொருளாகாது.

மூன்றாவது காரணமே முக்கியமானது. ஆபத்தை அறிவது வேறு. அதை நீக்குவது வேறு. பரவிய மார்பகப் புற்றுநோயில், எண்ணிக்கை குறையாதவர்களுக்கு மருந்தை உடனே மாற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், ஆயுள் நீளவில்லை என்று 2014-இல் தெரிய வந்தது. மாறாக, கட்டி இரத்தத்தில் உதிர்க்கும் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடும் முறை ஒரு பயனைக் காட்டியுள்ளது. இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோயாளர் 455 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், இச்சோதனையின் வழி நடந்ததால், ரண சிகிச்சைக்குப் பின் மருந்து பெற்றோர் 28 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைந்தனர். அதனால் நோய் மீள்வது கூடவில்லை. தேவையற்ற கடும் மருந்திலிருந்து பலர் தப்பினர்.

இத்தகைய சோதனைகள் பெரும்பாலும் நோய் கண்டறியப்பட்ட பின்னரே துணை செய்வன. மலத்தில் இரத்தம் கண்டால், மூலம் என்று தாமே முடிவு செய்துகொண்டு மாதக்கணக்கில் கைமருந்து உண்போர் நம்மிடையே பலர். மலங்கழியும் வழக்கம் மாறுதல், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை ஆகியவையும் எச்சரிக்கைகளே. இவற்றைக் கண்டவுடன் மருத்துவரிடம் சென்று, அவர் கூறினால் குடலை உள்நோக்கும் பரிசோதனைக்கு உடன்பட வேண்டும். கட்டி குடலை விட்டு வெளியேறுமுன் அகற்றப்பட்டால் பெரும்பாலோர் குணமடைவர். விதை சிதறுமுன் களையைப் பறித்துவிடுவதே சிறந்த உழவு.