காற்றின் திசையும் நமது நாட்சம்பளமும்

எஹலியகொடப் பகுதியில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஆனால் றப்பர் வெட்டும் தொழிலாளிக்கு மழையின் அளவைவிட அது பெய்யும் நேரமே முக்கியம். விடியற்காலையில் பட்டை நனைந்திருந்தால் வெட்டிய பால் சிரட்டைக்குள் விழாது. மரத்திலே பரவி வீணாகும். வெட்டு நின்றால் அன்றைய சம்பளமும் கேள்விக்குறியே. மழையின் நேரத்தைப் பெரிதும் தீர்மானிப்பது காற்று.

மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் வட, தென் அரைக்கோளக் காற்றுகள் சந்திக்கும் வலயம் எமது தீவைக் கடக்கிறது. அப்போது காற்றின் வேகம் குறைவு. காலை வெயிலில் நிலம் சூடேற, ஈரக்காற்று மேலெழுந்து பிற்பகலில் இடிமழையாகக் கொட்டும். காலை வெட்டு பெரும்பாலும் தப்பிவிடும்.

மே முதல் செப்டெம்பர் வரை நிலைமை வேறு. ஆசியப் பெருநிலம் சூடாகி அங்கே காற்றமுக்கம் குறைகிறது. அதை நோக்கி இந்து சமுத்திரத்தின் ஈரக்காற்று தென்மேற்கிலிருந்து விரைகிறது. மலைநாடு குறுக்கே நிற்பதால் அக்காற்று மேலெழுந்து, குளிர்ந்து, எமது பக்கச் சரிவுகளில் மழையாகிறது. இம்மழை இரவு பகல் பாராது. வேலை நாட்கள் குறைவது அப்போதுதான்.

டிசம்பரில் தொடங்கும் வடகிழக்குக் காற்று கிழக்குச் சரிவில் மழையை இறக்கிவிட்டு, வரண்ட காற்றாக எம்மிடம் வருகிறது. ஆகவேதான் ஜனவரி, பெப்ரவரியில் ஊற்றுகள் மெலிகின்றன.

தொலைவில் நடப்பதும் எம்மைத் தொடும். பசுபிக் சமுத்திரம் வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் ஒக்டோபர்–டிசம்பர் மழை கூடுவதும், அடுத்துவரும் ஜனவரி–மார்ச் மழை குறைவதும் அதிகம் காணப்படுகின்றன. 2017 மே இறுதியில் வங்காள விரிகுடாவில் உருவான தாழமுக்கம் தென்மேற்குக் காற்றைப் பலப்படுத்தியது. இரத்தினபுரி, களுத்துறை உட்படப் பல மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் ஏற்பட்டு, 200க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

காற்றை நாம் திருப்ப முடியாது, முன்கூட்டி ஆயத்தமாகலாம்:

1. மரங்களுக்கு மழைக்கவசம் கட்டும் வேலையை ஏப்ரலுக்குள் முடிக்கும்படி நிர்வாகத்திடம் கூட்டாகக் கேளுங்கள்.
2. லயன்களுக்குப் பின்னாலுள்ள கான்களை மே மாதத்திற்கு முன் துப்புரவாக்குங்கள். சரிவில் புதிய வெடிப்போ கலங்கிய ஊற்றோ தெரிந்தால் உடனே வெளியேறி, கிராம சேவகருக்கு அறிவியுங்கள்.
3. பயற்றை, வெண்டி விதைகளை மார்ச் இறுதி மழையுடன் ஊன்றுங்கள்.

கலந்துரையாட:
கடந்த ஆண்டு மழையால் எத்தனை வேலை நாட்களை இழந்தோம்? எந்த மாதங்களில்? ஒவ்வொரு குடும்பமும் சுவர்க் கலண்டரில் மழை பெய்த நேரத்தைக் குறித்து வந்தால், நிர்வாகத்துடன் பேசும்போது எம் கையிலும் ஒரு கணக்கு இருக்குமல்லவா?