தலைமையும் தருமத் திரவியமும்



நம் சமுதாயத்துப் பிள்ளைகள் பலர் இன்று சென்னை, பெங்களூரு முதலிய நகரங்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் தொழில் நிறுவனங்களில் பொறுப்பான பதவிகளை வகிக்கின்றனர். உழவையும் ஆசிரியப் பணியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களிலிருந்து சென்ற இவர்களுள் பலர், நிறுவனம் ஒன்றில் பிறருக்குத் தலைமை தாங்கும் முதல் தலைமுறையினர் ஆவர். தம் வேலையைச் செம்மையாகச் செய்தமைக்காக ஒருவருக்குப் பதவி உயர்வு கிடைக்கிறது. ஆனால் உயர்வு பெற்ற மறுநாள் முதல் அவர் செய்ய வேண்டிய வேலையோ முற்றிலும் வேறு. நேற்று வரை தாம் செய்தார்; இன்று முதல் பிறர் செய்யுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்விடத்தில்தான் பலர் இடறுகின்றனர். சிலர் கீழுள்ளோரைக் கடிந்து விரட்டுகின்றனர். சிலர் எவரையும் நம்பாமல் எல்லா வேலையையும் தாமே சுமந்து, நள்ளிரவு வரை உழன்று உடல்நலத்தை இழக்கின்றனர். முன்னது பிறர் உள்ளத்தை வருத்துவது. பின்னது தன்னையே வருத்துவது. இரண்டும் அகிம்சையை முதல் விரதமாகக் கொண்ட நமக்கு ஏற்புடையன அல்ல. அவ்வாறாயின் தலைமை என்பதுதான் யாது? இப்பாடத்தில் அதனை ஆராய்வோம்.

1. ‘கோச்’ என்னும் சொல்

பெரிய நிறுவனங்களில் இந்நாளில் ‘எக்ஸிகியூட்டிவ் கோச்சிங்’ என்னும் பயிற்சி பெரிதும் பேசப்படுகிறது. உயர் பதவியில் உள்ள ஒருவருடன் அனுபவம் மிக்க ஒருவர் குறித்த நாள்களில் தனித்து அமர்ந்து உரையாடி, அவர் தம் பணியில் தெளிவு பெறத் துணை நிற்பதே இப்பயிற்சி. ரயில் பெட்டியையும் நாம் கோச் என்றே வழங்குகிறோம். இரண்டும் ஒரே சொல்தான். ஹங்கேரி நாட்டில் ‘கோச்’ என ஒலிக்கும் சிற்றூர் ஒன்று உண்டு. அங்குச் செய்யப்பட்ட குதிரை வண்டி அவ்வூரின் பெயரைப் பெற்றது. 19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தம்மைத் தேர்வில் கரைசேர்க்கும் தனியாசிரியரை விளையாட்டாக ‘கோச்’ என அழைக்கலாயினர். பின்னர் அச்சொல் விளையாட்டுத் துறைக்கும், அதன்பின் தொழில் துறைக்கும் சென்றது. நாம் இதனை ‘வழித்துணை’ என்றே குறிப்போம்.

இத்துறையின் இன்றைய போக்கிற்கு வித்திட்டவருள் ஒருவர் அமெரிக்கரான திமோதி கால்வே. டென்னிஸ் ஆட்டம் கற்பித்து வந்த இவர், தாம் அறிவுரைகளைக் குறைக்கக் குறைய மாணவர்கள் விரைவில் கற்பதைக் கண்டார். ‘கையை இப்படி வை, காலை அப்படி வை’ என்று ஓயாது சொல்வதை விடுத்து, பந்து தரையில் படும் கணத்தையும் மட்டையில் படும் கணத்தையும் வாய்விட்டுச் சொல்லுமாறு மட்டும் பணித்தார். கவனம் பந்தின்மேல் நின்றதும் பிழைகள் பல தாமே திருந்தின. இக்கருத்தை அவர் 1974-இல் நூலாக வெளியிட்டார். கார் பந்தய வீரராய் இருந்த ஆங்கிலேயர் ஜான் விட்மோர் இதனைத் தொழில் நிறுவனங்களுக்குக் கொண்டு சென்று, 1992-இல் ஒரு நூல் எழுதினார். இலக்கு, உள்ள நிலை, வழிகள், உறுதி என்னும் நான்கு படிகளைக் கொண்ட வினா முறை அந்நூலால் உலகெங்கும் பரவியது.

ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் பல்லாண்டு பணியாற்றிய நமக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. மாணவ ஆசிரியை ஒருவர் வகுப்பெடுக்கும்போது மேற்பார்வையாளர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பார். பாடம் முடிந்ததும் இருபது குறைகளையும் ஒரே மூச்சில் படித்துவிடலாம். கேட்பவர் கண் கலங்குவார். மறுநாள் அந்த இருபதையும் எண்ணி நடுங்கியவாறே வகுப்பினுள் நுழைவார். மாறாக, “பாடத்தின் எவ்விடத்தில் பிள்ளைகளின் கவனம் சிதறியது? கவனித்தீர்களா?” என்று வினவினால் அவரே இடத்தைச் சொல்வார்; சற்றுப் பொறுத்தால் காரணத்தையும் சொல்வார். பிறர் சுட்டிய குறை மனத்தில் புண்ணாக நிற்கும். தாமே கண்ட குறை மறுநாளே திருந்தும்.

2. நம் ஆகமம் கூறும் உவமை

உயிர், புத்கலம், தருமம், அதருமம், ஆகாயம், காலம் எனத் திரவியங்கள் ஆறு என்பதை நாம் பாடசாலையில் பயின்றுள்ளோம். இங்குத் தருமம் என்பது அறம் என்னும் பொருளில் வருவதன்று. இயங்கும் பொருள்களின் இயக்கத்திற்குத் துணையாக நிற்கும் திரவியமே அது. இதற்கு நம் ஆசாரியர்கள் தரும் உவமை, மீனும் நீரும். நீர் மீனைப் பிடித்துத் தள்ளுவதில்லை. ‘நீந்து’ என ஏவுவதும் இல்லை. ஆயினும் நீரின்றி மீனுக்கு இயக்கமில்லை. அவ்வாறே நிற்பதற்குத் துணை செய்வது அதருமத் திரவியம். வழிப்போக்கனுக்கு மர நிழல் போன்றது அது; நிழல் அவனை இழுத்து நிறுத்துவதில்லை.

உபாதான காரணம், நிமித்த காரணம் என்னும் பாகுபாட்டையும் இங்கு நினைவு கூர்தல் வேண்டும். குடத்திற்கு மண் உபாதானம். குயவனும் சக்கரமும் நிமித்தம். மனிதராகிய தலைவர் நீரைப் போல முற்றிலும் வாளா இருத்தல் இயலாது என்பது உண்மையே. அவர் குயவனைப் போல முனைந்து செயற்பட வேண்டிய நேரங்கள் உண்டு. எனினும், குடமாகும் தன்மை மண்ணிடமே உள்ளது. மணலைக் கொண்டு எக்குயவனும் குடம் வனைய இயலாது. கீழ்ப் பணிபுரிவோரின் ஆற்றல் அவர்களிடமே உள்ளது; தலைவர் அதற்கு நிமித்தமே.

இதனை மறைப்பது எது? நால்வகைக் கஷாயங்களுள் ஒன்றாகிய மானம் என்னும் செருக்கே. ‘இஃது என்னால் நடந்தது, நானின்றி எதுவும் நடவாது’ என்னும் எண்ணம் தலைவரிடம் தோன்றிய அன்றே அவர்தம் குழுவின் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

3. அகமதாபாத்தில் ஒரு சோதனை

இக்கருத்து நடைமுறைக்கு ஒத்துவருமா என ஐயுறுவோர்க்கு ஒரு வரலாற்றுச் சான்று கூறுவோம். அகமதாபாத் நகரின் காலிகோ ஆலை, ஜைன மரபில் வந்த சாராபாய் குடும்பத்தாரால் நடத்தப்பட்டது. 1952-இல் அங்குத் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டன. புதிய இயந்திரங்கள் வந்தும் எதிர்பார்த்த பயன் விளையவில்லை. அந்நாளில் நிறுவனத்துக்குத் தலைமை தாங்கியவர், விஞ்ஞானி விக்ரம் சாராபாயின் சகோதரர் கௌதம் சாராபாய். அவர்தம் நிறுவனத்துக்கு ஆலோசகராக லண்டன் டாவிஸ்டாக் நிலையத்தைச் சேர்ந்த ஏ. கே. ரைஸ் 1953-இல் வந்து நிலைமையை ஆராய்ந்தார்.

தறிக்கூடத்தில் 224 தறிகள், 29 தொழிலாளர்கள், அவர்களுக்கு 12 வகை வேலைகள். நெய்பவர் ஒருவர், ஊடை நூல் நிரப்புபவர் ஒருவர், அறுந்த இழைகளைச் சீராக்குபவர் ஒருவர் என ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்ணிக்கையில் தறிகளைக் கவனித்தனர். ஆகவே, எவருடன் சேர்ந்து எத்தறிக்குத் தாம் பொறுப்பு என்பது எவருக்கும் தெளிவாக இல்லை. குறை தொழிலாளரிடமும் இல்லை, தறியிலும் இல்லை. வேலையைப் பங்கிட்ட முறையில் இருந்தது.

தறிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சிறு குழுவை முழுப் பொறுப்பாக்கலாம் என்னும் யோசனை எழுந்தது. 64 தறிகளுக்கு எழுவர் என்பது கணக்கு. இதனைக் கேள்வியுற்ற தொழிலாளர்கள் ஆணைக்குக் காத்திராமல் தமக்குள் கூடிப் பேசி, யார் யாருடன் சேர்வது என்பதைத் தாமே முடிவு செய்தனர். தொடக்கத்தில் சில இடர்ப்பாடுகள் இருந்தன. வேகத்தில் நாட்டம் கொண்டு தறிகளின் பராமரிப்பைக் கைவிட்டதால் சேதம் மிகுந்தது. அது சீர் செய்யப்பட்டபின் உற்பத்தி உயர்ந்தது; சேதமான துணியும் குறைந்தது. அதே மனிதர்கள், அதே தறிகள். மாறியது நிமித்தம் மட்டுமே.

ஆயினும் கதை இத்துடன் முடியவில்லை. 1970-இல் எரிக் மில்லர் என்பார் மீண்டும் ஆராய்ந்தபோது, ஒரு தறிக்கூடத்தில் அம்முறை பெரிதும் மாறாது நிலைத்திருந்தது. பிறவற்றில் நாளடைவில் தேய்ந்து போயிருந்தது. ஒரு முறை ஏற்படுத்திவிட்டால் போதும் என்று எண்ணலாகாது; நீர் வற்றினால் மீன் நிற்கும் என்பதே இதன் படிப்பினை.

4. நான்கு வினாக்கள்

இனி நடைமுறையைக் காண்போம். கணக்குப் பிரிவின் தலைவியாக உயர்ந்த ஒரு பெண்மணியை எண்ணிக்கொள்வோம். அவருக்குக் கீழ்ப் பணிபுரியும் இளைஞர் மூன்று மாதங்களாக மாதக் கணக்கைக் காலம் தாழ்த்தியே தருகிறார். “ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டால் சாக்குப்போக்குதான் வரும். அதற்கு மாறாக:

இலக்கு: “இவ்வேலை எந்நாளில் முடிந்தால் சரியாக இருக்கும் என்று கருதுகிறீர்கள்?” “மூன்றாம் தேதிக்குள் மேடம்.”

உள்ள நிலை: “இப்போது எவ்விடத்தில் தடைபடுகிறது?” “கிளைகளிலிருந்து ரசீதுகள் ஐந்தாம் தேதிக்குப் பின்னரே வருகின்றன. அங்குள்ளவர்கள் என்னைவிட மூத்தவர்கள். கேட்டு வாங்கத் தயக்கமாக இருக்கிறது.”

வழிகள்: “என்னென்ன செய்யலாம்? வேறு வழி ஏதேனும் உண்டா?”

உறுதி: “இவற்றுள் எதனைச் செய்யப் போகிறீர்கள்? எப்போது? நான் என்ன உதவி செய்ய வேண்டும்?”

இரண்டாம் வினாவில்தான் உண்மை வெளிப்பட்டது என்பதைக் கவனியுங்கள். சோம்பல் எனத் தோன்றியது தயக்கமாக இருந்தது. ஒரு பொருளைப் பல நோக்கில் காண வேண்டும் என்னும் அநேகாந்தத்தை நாம் தத்துவ விசாரத்திற்கு மட்டும் ஒதுக்கி வைக்கலாகாது. அலுவலக மேசையிலும் அதற்கு இடமுண்டு.

நற்காட்சியின் எட்டு அங்கங்களுள் ஆறாவதாகிய ஸ்திதிகரணத்திற்கு எடுத்துக்காட்டாக விளங்கும் வாரிசேன முனிவரின் வரலாறும் இதையே உணர்த்துகிறது. அரச போகத்தைத் துறந்த அவருடன் துறவு பூண்ட தோழர், பன்னீராண்டுகள் கழிந்தும் இல்லத்தில் விட்டு வந்த மனைவியையே எண்ணிக் கலங்கினார். வாரிசேனர் அவரைக் கடிந்துரைக்கவில்லை. அவரைத் தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்துவந்த செல்வத்தையும் சுற்றத்தையும் கண்முன் நிறுத்தினார். உள்ள நிலையைக் கண்ணாரக் கண்ட தோழர் தாமே தெளிந்து துறவில் நிலைபெற்றார்.

5. எச்சரிக்கைகள்

முதலாவதாக, வினா எல்லா நேரத்திற்கும் மருந்தன்று. வேலை பழகாதவருக்கு முதலில் கற்பித்தல் வேண்டும். அறியாதவரிடம் “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்பது அவரைத் திகைக்கவைக்கும். தீப்பற்றும் வேளையில் ஆணையே அறம்.

இரண்டாவதாக, ஐந்தாம் அங்கமாகிய உபகூஹனம், பிறர் குறையைப் பலரறியத் தூற்றாமை ஆகும். கீழ்ப் பணிபுரிவோரின் பிழையைத் தனியே அழைத்துப் பேசுக. ஆனால் பொய்க் கணக்கையும் கையாடலையும் மூடி மறைப்பது உபகூஹனம் ஆகாது. அது சத்தியம், அசௌரியம் என்னும் விரதங்களுக்கு மாறானது.

மூன்றாவதாக, நிறுவனம் ஊதியம் கொடுத்து அமர்த்தும் வழித்துணையாளரிடம் பேசத் தொடங்குமுன், இவ்வுரையாடலில் எது மேலதிகாரிக்குச் செல்லும், எது செல்லாது என்பதைக் கேட்டுத் தெளிவு பெறுக. நிறுவனத்தின் நலனும் பணியாளரின் நலனும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என எண்ணுதல் பேதைமை.

6. இல்லமே முதல் அலுவலகம்

நிறைவாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். அலுவலகத்தில் ஒருவர் வாய் திறந்து தம் கருத்தைச் சொல்லவும், பிறர் கருத்தைக் கேட்கவும் எங்கே கற்கிறார்? வீட்டில்தான். பிள்ளை எப்படிப்பைப் படிப்பது, எவ்வேலையில் சேர்வது, எப்போது மாறுவது என அனைத்தையும் தந்தையும் தாய்மாமனும் கூடத்தில் அமர்ந்து முடிவு செய்துவிட்டு, பிள்ளையிடம் செய்தியாக மட்டும் அறிவிக்கும் இல்லங்கள் இன்னும் உண்டு. அங்கு வளர்ந்தவர் முப்பது வயதில் பத்துப் பேருக்குத் தலைவரானால், தாம் கண்ட ஒரே தலைமையைத்தானே திரும்பச் செய்வார்? பெண்மக்கள் திறத்தில் இது மேலும் உண்மை. மணமான பின் வேலையைத் தொடர்வதா, விடுவதா என்னும் வினாவைக் குடும்பமே ஒன்றுகூடி விவாதிக்கிறது. ஆனால் அவளிடம் எவரும் கேட்பதில்லை.

மேற்கூறிய நான்கு வினாக்களையும் நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்ப்போம். கேட்டபின் விடை வரும் வரை பொறுத்திருப்போம். அப்பொறுமையே தலைமையின் தொடக்கம்.

சிந்தனைக்குரிய வினாக்கள் (குடும்பத்தினர் கூடியமர்ந்து ஆராய்க)

1. தருமத் திரவியத்திற்கும் குயவனுக்கும் உள்ள வேறுபாடு யாது? தலைவர் எப்போது முன்னதைப் போலவும், எப்போது பின்னதைப் போலவும் ஒழுக வேண்டும்?

2. அகமதாபாத் தறிக்கூடத்தில் குறை எவ்விடத்தில் இருந்தது? நம் இல்லத்தில் அல்லது அலுவலகத்தில் அத்தகைய குறை ஏதேனும் உண்டா?

3. உபகூஹனத்திற்கும் குற்றத்தை மறைத்தலுக்கும் உள்ள எல்லை யாது?

4. கடந்த மாதத்தில் நாம் பிறருக்கு இட்ட ஆணைகளுள் எவற்றை வினாவாகக் கேட்டிருக்கலாம்?

அறம் வளர்க!