பெண்பிள்ளைகளும் ஆமியும்

18 வயதானால் பெண்பிள்ளைகளையும் கட்டாயம் ஆமிக்கு எடுப்பார்களாம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. மகள் ஏ.எல். எழுதிவிட்டு இருக்கிறாள். உண்மையா? அப்படி எடுப்பது சரியா?
– ஓர் உம்மா, சாய்ந்தமருது

பயப்படாதீர்கள் ராத்தா. இலங்கையில் கட்டாய இராணுவச் சேவை இல்லை. யுத்த காலத்திலும் அரசு அப்படி ஆள் எடுக்கவில்லை. இராணுவத்தின் மகளிர் படையணியும் விரும்பிச் சேர்ந்தவர்களுடையதுதான். 2021 ஜனவரியில் அமைச்சர் சரத் வீரசேகர 18 தாண்டிய எல்லோருக்கும் இராணுவப் பயிற்சி என்றார், பேச்சோடு போயிற்று. அதுதான் இப்போது உங்கள் போனுக்கு வந்து சேர்ந்ததோ என்னவோ!

உண்மையில் நடந்தது 2011இல். பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான ஆண், பெண் எல்லோரையும் ‘தலைமைத்துவப் பயிற்சி’ என்று மூன்று வாரம் இராணுவ முகாம்களுக்கு அழைத்தார்கள். பெற்றோர் பட்ட கலக்கம் கொஞ்சமல்ல.

சரியா என்றால், நோர்வேயிலும் சுவீடனிலும் கட்டாயச் சேவைக்குப் பெண்களையும் அழைக்கிறார்கள். ஆனால் அழைக்கப்படுபவர்களில் சிலரைத்தான் எடுக்கிறார்கள். மகனைப் பிடி, மகளை விடு என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இரண்டு பேரையும் விடட்டும். கட்டாயமாக ஆள் எடுத்தால் குடும்பங்கள் படும் பாடு நமக்குத் தெரியும்: விடுதலைப் புலிகள் வீட்டுக்கொரு பிள்ளை கேட்டபோது, மகளைக் காப்பாற்ற அவசரக் கலியாணம் செய்துவைத்த குடும்பங்கள் கிழக்கிலேயே உண்டு.

மகள் இப்போது கவலைப்பட வேண்டியது இசட் ஸ்கோரைப் பற்றித்தான். கம்பஸ் விண்ணப்பத்தின் கடைசித் திகதியைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.