உங்கள் சுருதி எது?
இசை பயிலத் தொடங்குவோர்க்கு ஒரு பாடம்

“எனக்குப் பாட வராது” என்று சொல்பவர் ஒருவரேனும் இல்லாத வீடு எம்மிடையே அரிது. வானொலி பாடுகிறது, கைப்பேசி பாடுகிறது, வீட்டார் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். பிள்ளைகளுள் சிலர் சங்கீத வகுப்புக்குச் செல்கின்றனர் என்பது உண்மையே. ஆனால் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வந்ததும் சங்கீதக் கொப்பி அலுமாரிக்குள் போய்விடுகிறது. பரீட்சைக்காகக் கற்றது பரீட்சையோடு முடிவதில் வியப்பென்ன?

தொழிலுக்காகவோ பட்டத்துக்காகவோ அன்றி, விருப்பத்துக்காக ஒரு கலையைப் பயில்பவரை ‘அமெச்சூர்’ என்கிறோம். அரைகுறை என்ற பொருளில் இன்று வழங்கும் இச்சொல், ‘அன்பு செய்பவர்’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) நீதிமன்றத்தில் முன்சீப்பாகக் கடமையாற்றியவர், கத்தோலிக்கர். கீர்த்தனைகள் பல இயற்றி, ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’ என்ற நூலாகத் தந்தார். ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெரும் இசைநூலை 1917இல் வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர், தொழிலால் சித்த வைத்தியர். இசை இவர்களுக்குப் பிழைப்பாக இருக்கவில்லை. ஆயினும் இசைக்கு இவர்கள் செய்த தொண்டு சிறிதன்று.

குரலில் குறையா, சுருதியில் குறையா?

கோவிலில் அடிக்கடி நிகழ்வது இது. ஒருவர் தமது குரலுக்கேற்ற உயரத்தில் பாட்டை எடுத்துவிடுகிறார். இரண்டாம் வரியில் ஆண்கள் ஓய்கின்றனர்; மேலே செல்லும் வரியில் சபை முழுவதும் மௌனமாகிறது. “எங்கள் சனம் பாடாது” என்று குறை சொல்லப்படுகிறது. உண்மையில் சனம் பாட மறுக்கவில்லை. அந்த உயரத்தில் அவர்களால் பாட முடியவில்லை. தனியாகப் பாடித் தோல்வி கண்டவர்களுள் பலரின் கதையும் இதுவே. தமக்குப் பொருந்தாத சுருதியில் பாடிப்பார்த்துவிட்டு, குரலே இல்லை என்று முடிவு கட்டிவிடுகின்றனர். ஆகவே முதற் பாடம் சுருதியே.

சுருதியைக் கண்டறிதல்

இதற்கென வாத்தியம் வாங்கவேண்டியதில்லை. ஆர்மோனியம் இருந்தால் நன்று. இன்றேல் கைப்பேசியிலேயே தம்புராச் சுருதியை ஒலிக்கவிடலாம். ஆர்மோனியத்தில் இரண்டு கறுப்புக் கட்டைகள் சேர்ந்திருக்கும் இடத்திற்கு இடப்புறமுள்ள வெள்ளைக் கட்டையே 1 கட்டைச் சுருதி. அதனை ‘ஸ’ எனக் கொண்டு மெதுவாக மேலே பாடிச் செல்லுங்கள். மேல் ‘ஸ’வைக் கடந்து மேல் ‘க’ வரை தொண்டையை நெரிக்காமல் எட்டவேண்டும். கீழே இறங்கினால் கீழ் ‘ப’ தெளிவாக ஒலிக்கவேண்டும். மேலே இழுபட்டால் சுருதியைக் குறையுங்கள். கீழே குரல் கரைந்துபோனால் கூட்டுங்கள். பெரும்பாலும் ஆண்களுக்கு 1 முதல் 2 கட்டை வரையும், பெண்களுக்கு 5 முதல் 6 கட்டை வரையும் பொருந்தும். பதின்ம வயதில் குரல் உடையும் ஆண்பிள்ளைகளை வற்புறுத்தாதீர்கள். அவர்களின் சுருதி இறங்கிக்கொண்டிருக்கிறது. சில காலம் தாழ்ந்த சுருதியில் மெல்லப் பாடட்டும்.

சரளி வரிசை

சுருதி அமைந்தபின் சரளி வரிசையைத் தொடங்கலாம். புரந்தரதாசர் வகுத்தளித்ததாகப் போற்றப்படும் இப்பயிற்சி, மாயாமாளவகௌளை இராகத்தில் அமைந்தது. 1 கட்டையில் அதன் இடங்களாவன: முதல் வெள்ளைக் கட்டை ‘ஸ’, அதையடுத்த கறுப்பு ‘ரி’, மூன்றாம், நான்காம், ஐந்தாம் வெள்ளைகள் ‘க, ம, ப’, ஐந்தாம் வெள்ளையை அடுத்த கறுப்பு ‘த’, ஏழாம் வெள்ளை ‘நி’, எட்டாவது மேல் ‘ஸ’. ‘ஸ ரி க ம’ ஏறும் அதே இடைவெளிகளில் ‘ப த நி ஸ’வும் ஏறுவதைக் கவனியுங்கள். முற்பாதி பழகினால் பிற்பாதி தானே வரும்.

தாளம் ஆதி, எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, மூன்று விரல்கள். பின் தட்டு, வீச்சு. மீண்டும் தட்டு, வீச்சு. முதற் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளத்தின் வேகம் மாறலாகாது. முதற் காலம் திருந்தும்வரை அடுத்ததற்கு அவசரப்பட வேண்டாம்.

மூன்று எச்சரிக்கைகள்

ஒன்று: ஆர்மோனியத்தை ஊன்றுகோலாக மட்டும் கொள்ளுங்கள். அதன் சுரங்கள் நிலையானவை. குரலைப் போல் அசைந்து வழுக்கி கமகம் காட்ட அதனால் இயலாது. 1940இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கிப் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சுரத்தைத் தொட்டுக் கேட்டபின் கையை எடுத்துவிட்டுப் பாடிப்பாருங்கள்.

இரண்டு: கிழமைக்கொரு நாள் இரண்டு மணி நேரத்திலும், நாள்தோறும் கால் மணி நேரம் மேலானது. தொண்டை நொந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

மூன்று: பாடியதைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேளுங்கள். முதலில் அது உங்கள் குரலே அல்ல என்று தோன்றும். நம் குரலை நாம் காற்றின் வழியாக மட்டுமன்றி எலும்பின் வழியாகவும் கேட்பதே அதற்குக் காரணம். மனம் சோராமல், சுருதியோடு சேர்ந்ததா என்பதை மட்டும் பாருங்கள். சில மாதங்களின்பின் ஓர் ஆசிரியரிடம் செல்லுங்கள். உங்கள் காதுக்குத் தப்பிய பிழை அவர் காதுக்குத் தப்பாது.

பெற்றோர்களே, பிள்ளையை வகுப்புக்கு அனுப்புவதோடு உங்கள் கடமை முடிந்துவிடவில்லை. தகப்பனும் தாயும் வீட்டில் பாடக் கேட்கும் பிள்ளைக்குச் சங்கீதம் பரீட்சைப் பாடமாக மட்டும் இராது. இன்று மாலைச் செபம் முடிந்ததும் எழுந்துவிடாமல், எல்லாருக்கும் எட்டும் ஒரு சுருதியைத் தேடி, தெரிந்த பாட்டொன்றைச் சேர்ந்து பாடுங்கள். உயரம் கூடினால் நிறுத்தி, இறக்கி, மீண்டும் எடுங்கள். வீட்டில் இதைப் பழகியவர்கள் கோவிலில் பாட்டெடுக்கும் நாளில், சபையும் சேர்ந்து பாடும்.