முதலில் ஆள், அப்புறம் வண்டி

புதுச்சேரியில் ஒரு மீன் வியாபாரி. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் எடுப்பார். பைக்கின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டுவார். வில்லியனூர்ப் பக்கம் தெருத் தெருவாக விற்பார்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். மொத்தம் 61 நாள். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வரத்து குறையும். அந்த நாட்களில் அவர் கடன் வாங்கிக் குடும்பம் நடத்தினார். தடை முடிந்தது. "இனி ஒரு நாள்கூட வீணாகக் கூடாது" என்று நினைத்தார்.

முதல் வாரத்திலேயே விழுந்துவிட்டார்.

விழுந்தது எப்படி?

மூலக்குளம் தாண்டி ஒரு வளைவு. சாலையில் மணல் கிடந்தது. பெட்டி கனமாக இருந்தது. வளைவில் திரும்பும்போது முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தார். முன் சக்கரம் சறுக்கியது. வண்டி வலது பக்கம் சாய்ந்தது. வலது உள்ளங்கை தேய்ந்தது. வலது முழங்காலில் அடி. தலை தரையில் தட்டியது. ஹெல்மெட் போட்டிருந்தார். தலை தப்பியது.

டீக்கடையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். அவரை ஓரமாக உட்கார வைத்தார்கள். ஒருவர் சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தார். பெட்ரோல் வாசனை அடித்தது. இன்னொருவர் வாயில் பீடி. "பீடியை அணைங்க!" என்று டீக்கடைக்காரர் கத்தினார். பெட்ரோல் சிந்திய இடத்தில் நெருப்புப் பொறி ஒன்று போதும். சைலன்சரும் சூடாக இருக்கும். அதைத் தொடாமல் வண்டியைத் தூக்கினார்கள்.

காயத்துக்கு என்ன போடுவது?

"காப்பித்தூள் வை, ரத்தம் நிற்கும்" என்றார் ஒருவர். டீக்கடைக்காரர் விடவில்லை. குழாயைத் திறந்தார். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். மண்ணும் கல்லும் போகும்வரை கழுவினார்கள். பிறகு சுத்தமான துணியை வைத்து அழுத்தினார்கள். ரத்தம் நின்றது.

காப்பித்தூள், சாம்பல், ஆயில் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. அழுக்கு உள்ளே போகும். புண் சீழ் பிடிக்கும்.

அவர் எழுந்து வண்டிப் பக்கம் போனார். "சின்ன அடிதான். மீன் கெட்டுப் போகும். நான் போறேன்" என்றார். ஹேண்டிலைப் பிடித்தார். பிரேக் லீவர் பாதி ஒடிந்து தொங்கியது. கையை மடக்கவும் முடியவில்லை. பேசாமல் உட்கார்ந்துவிட்டார்.

மனைவிக்கு போன் போனது. அவர் டெம்போ பிடித்து வந்தார். "ஏங்க, மீனை நான் பார்த்துக்கறேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். கூடையில் மீனை மாற்றிக்கொண்டு கிளம்பினார்.

அரசு ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டார்கள். டெட்டனஸ் ஊசி போட்டார்கள். சாலை மண் பட்ட காயத்துக்கு இது முக்கியம். கடைசியாக எப்போது ஊசி போட்டோம் என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

"தலையில் தட்டியிருக்கிறது. இன்று இரவு தனியாக இருக்காதீர்கள்" என்றார் டாக்டர். கீழே உள்ளது எது நடந்தாலும் உடனே வரச் சொன்னார்.

• திரும்பத் திரும்ப வாந்தி
• தலைவலி கூடிக்கொண்டே போவது
• எழுப்பினாலும் எழாத மயக்கம்
• பேச்சுக் குழறல், வலிப்பு
• காதில் அல்லது மூக்கில் ரத்தம், நீர் வடிதல்

இவை அடிபட்ட சில மணி நேரம் கழித்தும் வரலாம். வந்தால் 108-க்கு போன் செய்யுங்கள்.

வண்டி மெக்கானிக்கிடம் போனது

வண்டியை ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டு போனார்கள். மெக்கானிக் முதலில் ஸ்பானரை எடுக்கவில்லை. சுற்றி வந்து பார்த்தார்.

1. ஹேண்டில் முன் சக்கரத்துக்கு நேராக இருக்கிறதா? இல்லை. கோணலாக இருந்தது.
2. ஃபோர்க் வளைந்திருக்கிறதா, விரிசல் உண்டா? இல்லை.
3. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினால் ஆட்டம் உண்டா? இல்லை.
4. ஆக்சிலேட்டரைத் திருகி விட்டால் தானாகத் திரும்புகிறதா? திரும்பியது.
5. ஃபுட்ரெஸ்ட் எப்படி? வளைந்து பின் பிரேக் பெடலில் இடித்தது.
6. பெட்ரோல், ஆயில் ஒழுகுகிறதா? இப்போது இல்லை.
7. விளக்குகள் எரிகின்றனவா? வலது இண்டிகேட்டர் உடைந்திருந்தது.

"தம்பி, லீவரைப் பற்றவைத்துக் கொடு. செலவு குறையும்" என்றார் வியாபாரி.

"வேண்டாம் அண்ணே. இது அலுமினியம். பற்றவைத்த இடம் பலமாக இருக்காது. அவசரத்துக்கு அழுத்திப் பிடிக்கும்போது ஒடியும். ஹெல்மெட்டையும் மாத்துங்க. வெளியே கீறல்தான் தெரியும். உள்ளே இருக்கிற மெத்தை ஒருமுறை அமுங்கினால் அடுத்த அடியைத் தாங்காது" என்றார் மெக்கானிக்.

வேலை முடிந்தது. மெக்கானிக் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

பிரேக் லீவர் – ரூ. 160
இண்டிகேட்டர் – ரூ. 180
ஃபுட்ரெஸ்ட் நிமிர்த்த – ரூ. 90
கூலி – ரூ. 250
மொத்தம் – ரூ. 780

வியாபாரி சீட்டை வாங்கினார். அறிவொளி வகுப்பில் படித்தவர். விரல் வைத்து ஒவ்வொரு வரியாகக் கூட்டினார். "தம்பி, 680 தானே வருது?" என்றார். மெக்கானிக் திரும்பக் கூட்டினார். "ஆமாம் அண்ணே, கூட்டலில் தப்பு" என்று திருத்திக் கொடுத்தார்.

வீட்டில் இன்சூரன்ஸ் தாளை எடுத்தார். முடியும் தேதியை அவரே படித்தார். இன்னும் நான்கு மாதம் இருந்தது. மற்றதை மகள் படித்துச் சொன்னாள். அது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ். நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்குத்தான் அது பணம் தரும். நம் வண்டி ரிப்பேருக்குத் தராது. முழு இன்சூரன்ஸ் இருந்தால், ரிப்பேர் செய்வதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்ல வேண்டும்.

எப்போது வண்டி எடுப்பது?

வண்டி மறுநாளே தயார். "நாளைக்குப் போகலாமா?" என்று கேட்டார். மெக்கானிக் புது லீவரைக் காட்டினார். "இதை முழுசாப் பிடிங்க அண்ணே" என்றார். பாதிக்கு மேல் கை மடங்கவில்லை. காயம் வலித்தது.

"பிரேக் சரியாயிடுச்சு. பிடிக்கிற கை இன்னும் சரியாகலையே!"

ஆறு நாள் வண்டி எடுக்கவில்லை. மனைவி கூடையோடு டெம்போவில் போனார். பாதி வியாபாரம்தான் நடந்தது. கடன்காரரிடம் ஒரு வாரம் தவணை கேட்டார்கள். அவர் முணுமுணுத்தார். பிறகு ஒப்புக்கொண்டார்.

ஏழாம் நாள் வியாபாரி லீவரைப் பிடித்துப் பார்த்தார். கை முழுதாக மடங்கியது. முழங்கால் மடங்கியது. பின் பிரேக்கை அழுத்த முடிந்தது. பெட்டி இல்லாமல் தெருவுக்குள் ஒரு சுற்று வந்தார். மெதுவாகப் போய் இரண்டு பிரேக்கையும் சோதித்தார். மறுநாள் வியாபாரத்துக்குக் கிளம்பினார். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தார்.

தெரிந்துகொள்வோம்

• விபத்தில் வேறு யாருக்காவது அடிபட்டால், ஓட்டியவர் சிகிச்சைக்கு உதவ வேண்டும். போலீசுக்கும் தெரிவிக்க வேண்டும்.
• அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் இது சேர்க்கப்பட்டது. பயப்படாமல் உதவலாம்.
• 2025-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. சாலை விபத்தில் அடிபட்டவருக்குத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் 7 நாள் வரை, ரூ. 1,50,000 வரை கட்டணமில்லாத சிகிச்சை கிடைக்கும். அவசர எண் 112.

பேசுவோம்

1. காயத்தில் காப்பித்தூள் வைப்பது ஏன் தவறு?
2. ஆறு நாள் வியாபாரத்தை விட்டது சரியா? நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

கணக்குப் போடுவோம்

வியாபாரி இரண்டு 500 ரூபாய் நோட்டுக் கொடுத்தார். மெக்கானிக் எவ்வளவு திருப்பித் தர வேண்டும்?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் வண்டி இருக்கிறதா? அதன் இன்சூரன்ஸ் தாளை எடுங்கள். முடியும் தேதியை இங்கே எழுதுங்கள்: ..................