கோட்டில் முட்டும் எழுத்து

“ஏனுங்க, எழுத்து கோட்டுல முட்டுதுங்க!” திருப்பூர் கம்பெனி ஆபீஸ்களில் ஸ்பெக் ஷீட்டோ பேக்கிங் லிஸ்ட்டோ அடிக்கிற பிள்ளைகள் அடிக்கடி சொல்வது இது. அதற்கு அவர்களே கைவசம் வைத்திருக்கும் வைத்தியங்களில் பாதி உதவாதவை.

நம்பிக்கை: ஸ்பேஸ் பாரை நாலு தட்டுத் தட்டினால் இடைவெளி வந்துவிடும்.

உண்மை: வரும், அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும். ஃபைலைத் திறக்கும் இடத்தில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் வரிசை கலைந்துவிடும். எண்டர் தட்டினால் முழு வரி வீண். அதற்குப் பதிலாக, வேர்டில் டேபிளுக்குள் வலது கிளிக் செய்து டேபிள் பிராப்பர்ட்டீஸ், அதில் ஆப்ஷன்ஸ் போய்ப் பாருங்கள். எழுத்துக்கும் கோட்டுக்கும் நடுவே உள்ள இடமான பேடிங்காக, வேர்டு தானாகவே இடப்பக்கமும் வலப்பக்கமும் 0.19 செ.மீ. விட்டிருக்கும், மேலும் கீழும் சுழியம். எழுத்து மேல்கோட்டை ஒட்டி நிற்பது இதனால்தான். மேல், கீழ் இரண்டுக்கும் 0.1 கொடுத்தால் தீர்ந்தது. லிப்ரே ஆபீஸில் இதே அமைப்பு பார்டர்ஸ் பகுதியில் இருக்கிறது. எக்செலில் பேடிங் என்ற ஏற்பாடே கிடையாது, இண்டென்ட்டோடு சரி.

நம்பிக்கை: பேடிங், ஸ்பேசிங் எல்லாம் ஒன்றுதான்.

உண்மை: கட்டிங் மாஸ்டர் இதைக் கேட்டால் சிரிப்பார். பேட்டர்னுக்குள்ளேயே தையலுக்கு விடுகிற இடம் வேறு, துணியில் ஒரு பேட்டர்னுக்கும் அடுத்த பேட்டர்னுக்கும் நடுவே விடுகிற இடம் வேறு. முதலாவது பேடிங்; இரண்டாவது ஸ்பேசிங், வேஸ்ட்டில் போவது. 1997-இல் வந்த எச்டிஎம்எல் 3.2 என்ற வெப் பக்க மொழி இரண்டுக்கும் தனித்தனிப் பெயரே வைத்திருந்தது. வேர்டில் ஸ்பேசிங்கை டிக் செய்தால் ஒவ்வொரு கட்டமும் தனிச் சட்டம் போட்டுக்கொண்டு விலகி நிற்கும். ஸ்பெக் ஷீட்டுக்கு அது ஆகாது. லேப் டிப் (சாய நிற மாதிரி) அப்ரூவலுக்கு ஏ, பி, சி என்று துணித் துண்டுகளை ஒட்டி அனுப்பும் தாளுக்கு அதைவிட நல்ல அமைப்பு இல்லை.

நம்பிக்கை: டேபிளில் காலம் (நெடுவரிசை) அதிகமானால் எழுத்தைச் சின்னதாக்குவதுதான் ஒரே வழி.

உண்மை: என்னை மிகவும் எரிச்சலூட்டுவது இதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். எண், அளவெடுக்கும் இடம், டாலரன்ஸ், எக்ஸ்எஸ் முதல் டபுள் எக்ஸ்எல் வரை ஆறு சைஸ், குறிப்பு என்று 10 காலம். ஒரு காலத்துக்கு 0.38 செ.மீ. வீதம் பேடிங்கே 3.8 செ.மீ. இரு பக்கமும் ஒரு அங்குலம் மார்ஜின் விட்ட ஏ4 தாளில் நமக்குக் கிடைப்பதே சுமார் 16 செ.மீ. அதில் கால்வாசி வெறும் வெளியாகப் போகிறது! இடம், வலம் ஒவ்வொன்றையும் 0.1 ஆக்கினால் 1.8 செ.மீ. திரும்பக் கிடைக்கும். ‘20 1/2’ என்ற அளவு உடைந்து, 20 மேல் வரியிலும் 1/2 கீழ் வரியிலுமாக நிற்பதும் இடம் போதாததால்தான். செக்கிங்கில் நிற்பவர் அவசரத்தில் மேல் வரியை மட்டும் படித்தால் அரை அங்குலம் போச்சு. ஆறு பாயிண்ட் எழுத்தை ட்யூப்லைட் வெளிச்சத்தில் படிக்கச் சொல்வதும் அவரைத்தான்.

நம்பிக்கை: ‘மு’, ‘ழு’ எழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்படுவது தமிழ் ஃபான்ட்டின் கோளாறு.

உண்மை: பெரும்பாலும் யாரோ வரிசை உயரத்தை ‘எக்ஸாக்ட்லி’ என்று பூட்டி வைத்திருப்பார்கள். ‘அட் லீஸ்ட்’ என்று மாற்றிப் பாருங்கள். ஃபான்ட்டை அப்புறம் திட்டலாம்.